ராக்கெட், ஓகேமல், ஹாஸ்கெல்: மொழிகளின் அடித்தளம் படிக்க எது தோது?

ஃபங்ஷன்களை மையமாக வைத்து எழுதும் ஃபங்ஷனல் புரோகிராமிங் படிக்க எந்த மொழி நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கேள்வியைக் கொஞ்சம் குறுக்கிக்கொண்டால் விடை தெளியும். ஒரு குட்டி மொழிக்கு நீங்களே இன்டர்பிரட்டர் (அந்த மொழியின் புரோகிராமை ஓட்டிக்காட்டும் புரோகிராம்) எழுத வேண்டும், பிறகு அதற்கு டைப் செக்கரும் (டைப்புகள், அதாவது மதிப்புகளின் வகைகள், பொருந்துகின்றனவா என்று ஓட்டும் முன்பே பார்ப்பது) எழுத வேண்டும். வேரியபிள், எண், கூட்டல், ஃபங்ஷன், அழைப்பு, லெட் (ஒரு மதிப்புக்குப் பெயர் வைப்பது) ஆகிய ஆறு வகை எக்ஸ்பிரஷன்கள் போதும். அடித்தளத்தை இதைவிட நேராகக் கற்றுத்தரும் பயிற்சி இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. அந்த வேலையை வைத்தே மூன்று மொழிகளையும் எடைபோடலாம்.

ராக்கெட், 1975-இல் பிறந்த ஸ்கீமின் வாரிசு. ஒரே இன்ஸ்டாலர், கூடவே வரும் எடிட்டரான டாக்டர்ராக்கெட்டைத் திறந்ததும் எழுத ஆரம்பித்துவிடலாம். இதில், எழுத்தைப் படித்து புரோகிராமின் அமைப்பைக் காட்டும் சின்டாக்ஸ் மரமாக்கும் பார்சரே தேவையில்லை. அடைப்புக்குறிக்குள் எழுதி முன்னால் ஒற்றை மேற்கோள் போட்டால் அதுவே சின்டாக்ஸ் மரம். அதனால் முதல் நாளிலேயே ஸ்கோப் (ஒரு பெயர் எங்கே எந்த மதிப்பைக் குறிக்கும் என்பது) பற்றிய பாடத்துக்கு வந்துவிடலாம். 'அ' என்பது 1. 'ஆ'வை வாங்கி அ + ஆ தரும் ஃபங்ஷன் ஒன்று. பிறகு உள்ளே இன்னொரு லெட்டில் 'அ'வை 10 ஆக்கி, அங்கிருந்து அந்த ஃபங்ஷனை 2 கொடுத்து அழையுங்கள். 12 வந்தால், ஃபங்ஷன் பிறந்த இடத்தின் என்விரான்மென்ட்டை (எந்தப் பெயருக்கு எந்த மதிப்பு என்ற பட்டியலை) விட்டுவிட்டு, அழைத்த இடத்தின் என்விரான்மென்ட்டில் உடலை ஓட்டியிருக்கிறீர்கள். பாராமீட்டர், உடல், பிறந்தபோது இருந்த என்விரான்மென்ட் மூன்றையும் சேர்த்துக் குளோஷராக வைத்தால் சரியான விடையான 3 வரும். ராக்கெட்டின் குறை பிறகுதான் தெரியும். புதிதாக ஒரு வகை எக்ஸ்பிரஷனைச் சேர்த்துவிட்டு ஏதோ ஒரு மேட்ச்சில் (வகைவகையாகப் பிரித்துக் கையாளும் இடத்தில்) அதை எழுத மறந்தால், அந்த வரி ஓடும்வரை யாரும் சொல்லமாட்டார்கள்.

ஓகேமலில் அதே மறதியை கம்பைலரே பிடிக்கும். எந்த வகை விடுபட்டது என்று உதாரணத்தோடு எச்சரிக்கும். ஹாஸ்கெலின் கம்பைலரான ஜிஎச்சியும் இதைச் செய்யும், ஆனால் 'டபிள்யூ-ஆல்' (-Wall) என்ற ஃபிளாகைப் போட்டால்தான். பலர் இதைத் தெரியாமல் மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.

டைப் செக்கருக்கு வந்தால் ஓகேமல் தனியாக முன்னே நிற்கிறது. தெரியாத டைப் ஒவ்வொன்றையும் ஒரு ரெஃப் செல்லாக (பிறகு மதிப்பை நிரப்பக்கூடிய பெட்டியாக) வைத்துக்கொண்டால், யூனிஃபிகேஷன் (இரண்டு டைப்புகளை ஒன்றாகப் பொருத்துவது) இருபது முப்பது வரிகளில் முடிந்துவிடும். ஹாஸ்கெலில் அதற்கே ஸ்டேட் போன்ற ஒரு மோனாட் (படிகளை வரிசையாகக் கோக்கும் அமைப்பு) வேண்டும், அல்லது சப்ஸ்டிட்யூஷனை (தெரியாத எந்த டைப்புக்கு என்ன விடை என்ற பட்டியலை) கையோடு ஏந்திக்கொண்டு போக வேண்டும். அதை ஓரிடத்தில் கோக்க மறந்தாலும் தவறான டைப் சத்தமில்லாமல் வெளியே வரும்.

எந்த மொழியில் எழுதினாலும் இரண்டு சோதனைகளை முதலிலேயே போட்டு வையுங்கள். ஒன்று, வாங்கிய 'க'வை அதற்கே கொடுத்து அழைக்கும் பெயரில்லாத ஃபங்ஷன், லாம்டா க. (க க). இதை செக்கர் நிராகரிக்க வேண்டும். ஆக்கர்ஸ் செக் (ஒரு டைப் தனக்குள்ளேயே வருகிறதா என்ற சோதனை) இல்லையென்றால் டைப் தன்னையே சுட்டும் வளையமாகிவிடும். அச்சிடப் போகும்போது புரோகிராம் தொங்கும். இரண்டு, லாம்டா க. லெட் ச = க இன் ச. உள்ளே போகும் டைப்பும் வெளியே வரும் டைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுவேறாக வந்தால், என்விரான்மென்ட்டில் கட்டுப்பட்டிருக்கும் டைப் வேரியபிளையும் ஜெனரலைஸ் செய்துவிட்டீர்கள் (எந்த டைப்பாகவும் ஆகலாம் என்று விட்டுவிட்டீர்கள்) என்று அர்த்தம்.

ஓகேமலில் எரிச்சல்களும் உண்டு. தசம எண்களைக் கூட்டத் தனிக் குறி வேண்டும். மரத்தை அச்சிட நீங்களே ஃபங்ஷன் எழுத வேண்டும், அல்லது அந்தக் கோடைத் தானே எழுதித்தரும் பிபிஎக்ஸ் துணை வேண்டும். ஹாஸ்கெலில் 'டெரைவிங் ஷோ' என்ற ஒரு வரியில் அது முடிந்துவிடும். நம்மூர்ப் பக்கத்துச் செய்தி ஒன்று: 2022 டிசம்பரில் வந்த ஓகேமல் 5-இன் மல்டிகோர் (பல பிராசசர் கோர்களை ஒரே நேரத்தில் பயன்படுத்தும்) பணியை முன்னின்று நடத்தியவர்களில் சென்னை ஐஐடியின் கே.சி. சிவராமகிருஷ்ணன் முக்கியமானவர்.

ஹாஸ்கெலின் சிக்கல் நுட்பமானது. ஆர்க்யுமென்ட்டைக் கண்டுகொள்ளாமல் 5 தரும் ஃபங்ஷனுக்கு, முடிவில்லாமல் சுழலும் எக்ஸ்பிரஷனைக் கொடுங்கள். கால்-பை-வேல்யூ மொழி (ஆர்க்யுமென்ட்டை முதலில் மதிப்பிட்டுவிட்டு ஃபங்ஷனை அழைப்பது) என்றால் அது சுழல வேண்டும். ஓகேமலில் எழுதிய இன்டர்பிரட்டர் சுழலும். அதையே வரிக்கு வரி ஹாஸ்கெலில் எழுதினால் 5 என்று விடை வரும், ஏனென்றால் ஹாஸ்கெலின் சோம்பல் மதிப்பீடு (தேவைப்படும்போது மட்டுமே கணக்கிடுவது) உங்கள் மொழிக்குள்ளும் ஊறிவிட்டது. பிழைச் செய்திக்காக ஈதர் மோனாடை (லெஃப்ட் என்றால் பிழை, ரைட் என்றால் விடை) சேர்த்துப் பாருங்கள், அதே புரோகிராம் சுழல ஆரம்பிக்கும். படிகளை இணைக்கும் ஈதரின் பைண்ட், முந்தைய படி லெஃப்டா ரைட்டா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போகும். மொழியின் பொருளை நீங்கள் தீர்மானிக்காமல் எழுதும் கருவி தீர்மானிக்கிறது. இதைத் தடுக்க, ஆர்க்யுமென்ட்டை 'சீக்' (seq) என்ற ஃபங்ஷன் கொண்டு முதலில் மதிப்பிட வையுங்கள். இந்தச் சிக்கலை நேரில் பார்ப்பதற்காகவே ஹாஸ்கெலில் ஒருமுறை எழுதிப் பார்க்கலாம், ஆனால் முதல்முறை அல்ல.

எங்கள் பரிந்துரை: இன்டர்பிரட்டரை ராக்கெட்டில் எழுதுங்கள், அதையே ஓகேமலுக்கு மாற்றி, டைப் செக்கரை அங்கே கட்டுங்கள். டைப் கிளாஸ் (பல டைப்புகளுக்குப் பொதுவான செயல்களின் தொகுப்பு), மோனாட், சோம்பல் மதிப்பீடு ஆகியவைதான் நோக்கம் என்றால் மட்டும் நேராக ஹாஸ்கெலுக்குப் போகலாம். டைப் சிஸ்டம் சரியானது என்று நிரூபிக்கவும் ஆசையிருந்தால் அடுத்தது, நிரூபணங்களைச் சரிபார்க்கும் கருவியான ராக் (Rocq; பழைய பெயர் காக், Coq). அதுவும் பெரும்பாலும் ஓகேமலில் எழுதப்பட்டதுதான். அங்கே வேரியபிள்களுக்குப் பெயர் வைக்காமல் டி பிரெய்ன் எண்களால் (எத்தனை லாம்டா தள்ளிக் கட்டப்பட்டது என்ற எண்ணிக்கையால்) குறியுங்கள். பெயர் வைத்தால், சப்ஸ்டிட்யூஷனில் ஒரு வேரியபிள் இன்னொரு லாம்டாவுக்குள் போய் மாட்டிக்கொள்வதைத் தடுக்கும் லெம்மாக்களிலேயே (துணை நிரூபணங்களிலேயே) நேரம் போய்விடும்.