இனிப்புநீர் ‘பேக்கேஜ்’ என்று முன்பணம் கேட்டால் கட்டாதீர்கள்

கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் ஒரு தனியார் கிளினிக்கில் அம்மாவுக்கு ஓராண்டு இனிப்புநீர் (நீரிழிவு) பேக்கேஜ் எடுத்தோம். 1,800 வெள்ளி, முழுவதும் முன்பணம். ஒரே டாக்டர் தொடர்ந்து பார்ப்பார், உணவு ஆலோசனை உண்டு என்று சொல்லித்தான் வாங்கினார்கள்.

போகும்போதெல்லாம் வேறு வேறு டாக்டர். கம்ப்யூட்டரில் எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8.2 என்று பார்ப்பார்கள், மாத்திரையைக் கூட்டுவார்கள், அவ்வளவுதான். எப்போது சாப்பிடுகிறீர்கள், வீட்டில் துணைக்கு யார் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. அம்மாவுக்கு 72 வயது. புரட்டாசிச் சனிக்கிழமை விரதத்தை விடவே மாட்டார். அதை அவரே சொன்னதற்கு, “மருந்தை மட்டும் விட்டுடாதீங்க ஆண்டி” என்று பதில் வந்தது. அந்த மருந்து கிளிக்லசைட். வயிற்றில் சாப்பாடு இல்லாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். பட்டினியோடு போட்டால் சர்க்கரை கிடுகிடுவென இறங்கிவிடும்.

அப்படித்தான் ஆனது. மதியம் சாமி அறை வாசலில் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ரவிக்கை முதுகெல்லாம் நனைந்து, கை நடுங்கி, பேச்சு குழறியது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 2.9 மில்லிமோல். நாலுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

கிளினிக்கைக் கூப்பிட்டால், பேக்கேஜில் அவசர ஆலோசனை சேராதாம். ரத்தப் பரிசோதனை நகலும் தரவில்லை, மீதிப் பணமும் தரவில்லை. எனக்கு ஆத்திரம் பணத்துக்காக அல்ல. அம்மா வாய் திறந்து சொன்ன விஷயத்தைக் காதில் போட்டுக்கொள்ளவில்லையே!

இப்போது அரசாங்க கிளினிக்குக்குப் போகிறோம். மலேசியர்களுக்கு ஒரு வெள்ளிதான். காத்திருக்க வேண்டும், சரி. ஆனால் அங்கே டாக்டர் முதலில் கேட்டதே எத்தனை வேளை சாப்பிடுவீர்கள் என்றுதான். மாத்திரையைக் குறைத்தார், விரத நாளுக்கு என்ன செய்வதென்று தனியாக எழுதிக் கொடுத்தார். இந்த வயதில் எச்பிஏ1சி 8 வரை இருந்தாலும் பரவாயில்லை, சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து போவதுதான் ஆபத்து என்றார்.

தனியாரிடம் போகிறவர்கள் பரிசோதனை நகலையும் மருந்துச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள். 2025 மே 1 முதல் மருந்து விலையை அவர்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். 1998ஆம் ஆண்டு தனியார் சுகாதாரச் சட்டப்படி நோயாளியின் புகாரைக் கேட்க வழி வைத்திருப்பதும் அவர்கள் கடமை. அந்தத் தனியார் கிளினிக்கில் பலன் இல்லாததால் சுகாதார அமைச்சுக்கு எழுதியிருக்கிறேன்.

அப்புறம், இந்த மாதிரி பேக்கேஜுக்கு வார இறுதியில் மேசை போட்டு, இலவசமாகக் குத்திப் பார்த்து ஆள் பிடிக்கிறார்கள். அந்த மேசையிலேயே கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள், தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள்.