சைக்கிள் செயினுக்கு எண்ணெயா, மெழுகா?

செயின் 'நீண்டுவிட்டது' என்கிறோம். தகடுகள் இழுபடுவதில்லை, கண்ணிகளை இணைக்கும் 'பின்' (pin) எனும் ஊசியும் அது சுழலும் துளையும் தேய்ந்து கண்ணிகளுக்கு நடுவே இடைவெளி கூடுகிறது. அதனால் அந்தப் பின்வரை மண்ணைக் கொண்டுபோகாத லூப்தான் (செயினுக்குப் போடும் எண்ணெய் அல்லது மெழுகு) செயினைக் காப்பாற்றும்.

வெட் லூப் (காயாமல் ஈரமாகவே இருக்கும் எண்ணெய்) மழையில் எளிதில் கழுவிப்போகாது. வறண்ட சாலையிலோ தூசியை இழுத்துக் கருப்புக் களிம்பாக்கும். அந்தக் களிம்பு பின்னை உப்புத்தாள் போல அராவும். ரோலருக்கு (பின்னைச் சுற்றியுள்ள சிறு உருளை) ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தைத் துணியால் நன்றாகத் துடைத்தால் பாதித் தொல்லை குறையும். வெளியே பளபளக்கும் எண்ணெயால் எந்தப் பயனும் இல்லை.

பாட்டிலில் வரும் டிரை லூப் (போட்டபின் காய்ந்துவிடும் வகை) சுத்தமானது, ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். கரைப்பான் ஆவியாக நேரம் வேண்டும் என்பதால் முந்தைய இரவே போட வேண்டும். புறப்படும்போது போட்டால் ஈரமாகவே தூசியைப் பிடிக்கும்.

உலர்ந்த சாலையில் கியர் சைக்கிளுக்கு எங்கள் தேர்வு உருக்கிய பாரஃபின் மெழுகு. இறுகியபின் தூசி அவ்வளவாக ஒட்டாது. புதுச் செயினின் கம்பெனி கிரீஸை முழுக்க நீக்காவிட்டால் மெழுகு பிடிக்காது: மினரல் டர்பன்டைனில் இரண்டு முறை, பிறகு ஸ்பிரிட்டில் ஒரு முறை அலசிக் காயவிடுங்கள். மண்ணெண்ணெய் மட்டும் போதாது, எண்ணெய்ப் படலம் மிஞ்சும். மெழுகை நேரடித் தீயில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 85 டிகிரி வரை சூடாக்குங்கள். செயினை முக்கி, குமிழி நிற்கும்வரை அசைத்து, அடுப்பை அணைத்து, மேலே ஆடை படரத் தொடங்கும்போது எடுங்கள். கொதிக்கக் கொதிக்க எடுத்தால் உள்ளே போன மெழுகு வழிந்துவிடும். ஆறியதும் கண்ணிகளை ஒவ்வொன்றாக மடக்கி இளக்க வேண்டும். சுமார் 300 கிலோமீட்டருக்கு ஒருமுறை மறுபடி முக்க வேண்டும்.

மழைதான் இதன் பலவீனம்: நனைந்த செயினை அன்றே துடைத்து உலர்த்தி மெழுகிடாவிட்டால் துரு ஏறும். வடகிழக்குப் பருவமழையில் தினமும் ஓட்டுபவர்கள் அந்த மாதங்களுக்கு வெட் லூபுக்கு மாறுவதே நல்லது. கியர் இல்லாத சைக்கிளுக்குத் தையல் மெஷின் எண்ணெயே போதும், அடிக்கடி விட்டுத் துடைத்தால். கடைகளில் ஊற்றும் பழைய என்ஜின் ஆயில் மட்டும் வேண்டாம். அதில் உலோகத் துகள் இருக்கும்.

எதைப் போட்டாலும் அளந்து பாருங்கள். புதுச் செயினில் 24 கண்ணி 304.8 மி.மீ. 11, 12 கியர் கேசட் (பின்சக்கரத்தில் உள்ள பற்சக்கர அடுக்கு) என்றால் 306.3 மி.மீ. தொட்டதும் மாற்றுங்கள், தாமதித்தால் செயினைவிட விலை கூடிய கேசட்டும் சேர்ந்து தேயும்.