பட்டறையில் செய்த ஸ்பிரிங் கம்ப்ரசர்: எட்டு வருட அனுபவம்

2014-ல் என் மாருதி 800-ன் முன் ஷாக் அப்சார்பர் இரண்டும் ஆயில் கசிய ஆரம்பித்தன. மாற்ற வேண்டுமென்றால் ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டை மொத்தமாக இறக்கி, ஷாக்கைச் சுற்றி இருக்கும் காயில் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் மேல் நட்டைக் கழற்ற முடியும். வண்டியை ஜாக்கியில் தூக்கி சக்கரம் தொங்கினாலும் ஸ்பிரிங் முழுசாகத் தளர்ந்துவிடாது, மேல் நட்டு அதை அமுக்கியே வைத்திருக்கும். எனக்கு இது முதலிலேயே தெரியும். அதனால் நான் ஒன்றும் தெரியாமல் இறங்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஸ்பிரிங்கை அப்படி அமுக்கிப் பிடிக்கும் கருவிதான் கம்ப்ரசர், கடையில் வாங்கலாமா என்று பார்த்தேன். லேத் பட்டறையில் சொன்னால் பாதிக் காசில் ஆகிவிடும் என்று தோன்றியது. 12 எம்எம் திரெட் ராடு (முழுக்க மரை வெட்டிய கம்பி) இரண்டு, 12 எம்எம் தடிமன் பட்டை இரும்பில் வெட்டிய கொக்கி நான்கு. கொக்கியில் காயில் உட்கார ஒரு வளைந்த வெட்டு, ராடு போக ஒரு ஓட்டை, கீழே நட்டு வெல்டிங், மேலே வாஷர் வைத்து ஸ்பானரால் முறுக்க ஒரு நட்டு. அவ்வளவுதான். பார்க்க நல்ல கெட்டியாக இருந்தது. கையில் எடுத்தால் கனம். கனமாக இருந்தால் பலமாக இருக்கும் என்று மனசு தானாகவே முடிவுகட்டிவிடுகிறது.

ஏழு வருடம் அது நன்றாகத்தான் உழைத்தது. என் வண்டி, அக்கா வீட்டு வண்டி, தெருவில் இரண்டு மூன்று பேருடைய சின்ன கார்கள், எல்லாம் சேர்த்துப் பதினைந்து தடவைக்கு மேல் அமுக்கியிருப்பேன். ஒரு தடவைகூட வழுக்கவில்லை. ஆனால் நான்காவது ஐந்தாவது வருடத்திலிருந்து நட்டு இறங்கும்போது நடுவில் ஓரிடத்தில் பிடிக்க ஆரம்பித்தது. கிரீஸ் போட்டேன், சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அது கிரீஸ் கேட்டு நின்ற நட்டு இல்லை, ராடு அந்த இடத்தில் லேசாக வளைந்திருக்கிறது. ராடை ஒரு கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

2022-ல் ஒரு தெரிந்தவர் இன்னோவா கொண்டுவந்தார், முன் ஷாக் மாற்றணும் என்று. அதற்கும் ஷாக்கைச் சுற்றித்தான் காயில் ஸ்பிரிங், ஆனால் கம்பி தடிமனே வேறு. அக்கா பையன் கூட இருந்தான். இரண்டு பக்கமும் கொக்கி மாட்டி மாற்றி மாற்றி முறுக்கிக்கொண்டு வந்தோம். ஸ்பிரிங் நேராக அமுங்காமல் வாழைப்பழம் மாதிரி ஒரு பக்கம் தொப்பை போட ஆரம்பித்தது. "மாமா, ராடு வளையுது" என்றான். "இன்னும் ரெண்டு சுத்துதான்டா, நட்டு லூஸ் ஆயிடும்" என்றேன். ஒரு சுற்று முடிவதற்குள் என் பக்கத்துக் கொக்கி சாய்ந்து காயில் அதிலிருந்து உருண்டு வெளியே வந்தது. சத்தம் மட்டும்தான் நினைவிருக்கிறது. ஷாக் வைஸிலிருந்து பிடுங்கிக்கொண்டு அவன் முன்கையில் அடித்து, பின்னால் இருந்த தகர அலமாரியில் போய் இடித்தது. எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டு. அந்த அடி ஒரு முழம் மேலே பட்டிருந்தால் முகம். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முன்னாடியே போட்டிருக்க வேண்டிய கணக்கு. சாதாரண மைல்டு ஸ்டீல் 12 எம்எம் திரெட் ராடை நேராக இழுத்தால், திரெட்டுக்குள் மிஞ்சும் 84 சதுர மில்லிமீட்டர் உலோகம் ஏறக்குறைய 2 டன் வரை வளையாமல் நீளாமல் தாங்கும். எல்லாரும் இந்த எண்ணைத்தான் சொல்வார்கள், நானும் அதை நம்பித்தான் செய்தேன். ஆனால் கொக்கியில் ராடு நேராக இழுபடுவதே இல்லை. காயில் உட்காரும் இடம் ராடின் நடுக்கோட்டிலிருந்து 30 எம்எம் தள்ளி இருக்கிறது. அந்தத் தள்ளல் முழுவதும் ராடை வளைக்கும் விசையாகப் போகிறது. 800-ன் ஸ்பிரிங்குக்கு மொத்தம் 150 கிலோ என்று வைத்தால் ஒரு ராடுக்கு 75 கிலோ. அந்த வளைவால் மட்டும் ராடில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 கிலோவுக்கு மேல் வருகிறது. இந்த இரும்பு நிரந்தரமாக வளைய ஆரம்பிக்கும் எல்லையே 24 கிலோதான். அதாவது ஏழு வருடமும் நான் விளிம்பில்தான் நின்றிருக்கிறேன், நட்டு பிடித்ததும் அதனால்தான். இன்னோவாவுக்குக் குறைத்து 400 கிலோ என்று போட்டாலும் சதுர மில்லிமீட்டருக்கு 55 கிலோவைத் தொடுகிறது. எல்லையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அது அன்றைக்கு வளையாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அடியின் பலமும் அப்படித்தான். ஒரு ஸ்பிரிங் 100 எம்எம் அமுங்கி 400 கிலோவில் நிற்கிறது என்றால், அதற்குள் இருப்பது 5 கிலோ சம்மட்டி ஒன்று 4 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பலம். மாடியிலிருந்து ஒருத்தர் சம்மட்டியைப் போடுகிறார், கீழே நாம் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறோம்.

"அப்படியானால் 8.8 கிரேடு ராடு, அதாவது இன்னும் பலமான ஸ்டீல் ராடு, போட்டால் சரியாகுமா" என்று கேட்பார்கள். அதன் எல்லை 64 கிலோ, ராடு வளைவது குறையும், உண்மை. ஆனால் கொக்கி காயில் மேல் வழுக்குவதை ராடு தடுக்காது. காயில் ஒரு சரிவாகத்தான் ஏறிப்போகிறது, மேலே வழவழப்பான பெயின்ட் வேறு. இரண்டு கொக்கியும் எதிரெதிரே நின்றாலும் அமுங்க அமுங்க நகர்ந்து ஒரே பக்கம் வந்து சேரப் பார்க்கும். கடைக் கம்ப்ரசரில் நல்லதென்றால் சூடாக்கி அடித்து உருவாக்கிய ஃபோர்ஜிங் கொக்கி, காயில் ஆழமாக உட்காரும் பள்ளம், அது வெளியே வராமல் குறுக்கே போகும் பூட்டுப் பின் (pin) இருக்கும். இந்தப் பின்னை எந்தப் பட்டறை ஆளும் தானாக வைத்துத் தருவதில்லை, ஏனென்றால் நாம் கேட்பதில்லை. இன்னொன்று, வீடு கட்டப் போடும் முறுக்குக் கம்பியை (டிஎம்டி கம்பி) வளைத்து ராடில் வெல்டு அடித்துக் கொக்கி செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டிஎம்டி கம்பியின் பலமே வெளித்தோலில் ஏற்றிய கடினம்தான், வெல்டிங் சூட்டில் அந்த இடத்தில் அது இளகிவிடுகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இரண்டு வருடமாக அந்தப் பூட்டுப் பின் உள்ள கொக்கி செட் ஒன்று வைத்திருக்கிறேன், சின்ன கார்களுக்கு மட்டும். நன்றாக இருக்கிறது, ஆனால் வேகம் இல்லை. அரைச் சுற்று இந்தப் பக்கம், அரைச் சுற்று அந்தப் பக்கம். காற்றழுத்தத்தில் நட்டு முறுக்கும் ஏர் கன் போடுவதில்லை, திரெட் சூடாகித் தின்றுவிடும். முறுக்குவதற்கு முன் ஸ்பிரிங்குக்குள் ஒரு சங்கிலியை விட்டு ஷாக்கோடு சேர்த்துப் பூட்டிவிடுகிறேன், பிடுங்கினாலும் பறக்காது. ஷாக்கின் மேல் முனைக்கு நேராக நானும் நிற்பதில்லை, வேறு யாரையும் நிற்க விடுவதுமில்லை. ஸ்பிரிங் தன் சீட்டில் கையால் ஆட்டும் அளவு தளர்ந்த பிறகுதான் மேல் நட்டில் ஸ்பானர் வைப்பேன். தொப்பை போட ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்தி, முழுசாகத் தளர்த்தி, கொக்கியை மாற்றி மாட்டுகிறேன்.

பெரிய வண்டி வந்தால் செய்வதில்லை. சுவரில் பதித்த ஹைட்ராலிக் கம்ப்ரசர் இருக்கும் கடைக்கு ஷாக்கைத் தூக்கிக்கொண்டு போகிறேன். ஒரு ஷாக்குக்கு 200 ரூபாய் வாங்குகிறார்கள், கால் மணி நேரம்.

பழைய கம்ப்ரசரைப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார், சின்ன வண்டிக்குத்தானே என்று. கொடுக்கவில்லை. கொக்கி நான்கையும் கட்டிங் மெஷினில் குறுக்கே அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். அளவு கேட்டு எழுதுகிறவர்களுக்கும் அதே பதில்தான், அளவைத் தரமாட்டேன். அக்கா பையனுக்குக் குளிர்காலத்தில் அந்தக் கை இன்னும் வலிக்கிறது.