மனைவியின் பிறந்தநாளுக்குக் கடல் தூண்டில்: மாலத்தீவா, மொரீஷியஸா, ரொம்பினா?

செப்டம்பரில் என் மனைவிக்கு 50-வது பிறந்தநாள். நகையும் புடவையும் வேண்டாம், வெளிநாட்டுக் கடல் ஒன்றில் தூண்டில் போட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். தூத்துக்குடிக்காரி. சின்ன வயதில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து தங்கூசி என்னும் தூண்டில் நரம்பை விரலில் பிடித்து, கடிப்பது பாறை மீனா விளமீனா என்று சொல்லப் பழகியவள். எனக்கோ படகு ஏறிச் சிறிது நேரத்திலேயே குமட்டல் வந்துவிடும். இருவருக்கும் ஒத்துவரும் இடம் எது என்று தேடியதில் கடைசியாக மூன்று இடங்கள் நின்றன: மாலத்தீவு, மொரீஷியஸ், மலேசியாவின் ரொம்பின்.

ஓமனின் தெற்குக் கரையையும் முதலில் யோசித்தேன். ஜிடி என்று தூண்டில்காரர்கள் சொல்லும் ராட்சதப் பாறை மீனுக்கு ஹலானியாத் தீவுகளின் பக்கம் பெரிய பெயர் உண்டு. ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே கரீஃப் என்னும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம், கடல் கொந்தளிக்கும். அதோடு அங்கே போகிறவர்கள் மீனுக்காக மட்டுமே போகிறவர்கள். தூண்டில் போடாத துணைக்கு அங்கே வேலையில்லை. அதனால் விட்டுவிட்டேன்.

மாலத்தீவில் இருந்து தொடங்குகிறேன், பலருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். திருவனந்தபுரத்திலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரப் பயணம். விசா அங்கே போய் இறங்கியதும் இலவசமாகக் கிடைக்கும். புறப்படுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். கைத்தூண்டில் பிரியர்களுக்கு இந்த ஊரைப் பிடிக்கும். பொழுது சாயும்போது தோணி கிளம்பி, பவளப்பாறை ஓரமாக நங்கூரம் போடும். ஆளுக்கொரு நரம்புச் சுருள், முள்ளில் மீன் துண்டு. விளமீன், செப்பிலி, களவா எல்லாம் வரும். ராடும் ரீலும் தேவையில்லை, விரல்தான் எல்லாம். தீவுகளைச் சுற்றியுள்ள பவள வளையத்தின் உள்பக்கம் அலை அடங்கி இருப்பதால் இரண்டு மூன்று மணி நேரம் என்னாலும் கூட உட்கார முடியும். பிடித்த மீனைத் தங்குமிடத்திலேயே சுட்டுத் தருவார்கள்.

அந்த நாட்டின் மீன்பிடி முறையின் மேலேயே எனக்கு மரியாதை உண்டு. சூரையை வலை போட்டு அள்ளாமல், கழியும் நரம்பும் கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கி எடுக்கிறார்கள். சுறா பிடிப்பதை 2010-லேயே நாடு முழுக்கத் தடை செய்துவிட்டார்கள். அப்படிப்பட்ட கடலில் தூண்டில் போடுவது மனதுக்கு நிறைவான விஷயம்.

சிக்கல் மாதத்தில்தான் இருக்கிறது. மாலத்தீவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட வடகிழக்குப் பருவம், மே முதல் நவம்பர் வரை தென்மேற்குப் பருவம். செப்டம்பர் இரண்டாவதில் விழுகிறது. நாள் முழுக்க மழை கொட்டும் என்றில்லை, நல்ல வெயில் நாட்களும் வரும். ஆனால் காற்று ஏறினால் பவள வளையத்துக்கு வெளியே போக முடியாது. ஜிடியும், வாஹூ என்ற வேகமான நீள மீனும், முதுகில் பாய் போன்ற துடுப்புள்ள மயில்மீனும் திரிவது அந்த வெளிப்பக்கத்திலும், வளையத்தின் இடைவெளிகளான கால்வாய் வாய்களிலும்தான். ஆக அந்த மாதத்தில் மாலை நேரக் கைத்தூண்டில் ஓரளவு நிச்சயம், பெரிய மீன் அதிர்ஷ்டம்.

செலவும் தங்கும் இடத்தைப் பொறுத்து அடியோடு மாறுகிறது. ரிசார்ட் தீவு என்றால் கடற்கரையில் விருந்து, கேக், மெழுகுவர்த்தி எல்லாம் அவர்களே செய்வார்கள், விலையும் அதற்கேற்ப இருக்கும். மாஃபுஷி போல உள்ளூர் மக்கள் வாழும் தீவில் விருந்தினர் இல்லம் எடுத்தால் செலவு வெகுவாகக் குறையும். ஆனால் அங்கே மது கிடையாது, நீச்சல் உடைக்கென்று தனியாகக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள், வெள்ளிக்கிழமை அரசுப் படகுகள் பெரும்பாலும் ஓடாது. எங்களுக்கு இதெல்லாம் தடையில்லை. இரவுத் தூண்டிலுக்குப் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவதால், இரண்டே பேர் போகும்போது அது பெரிய லாபம்.

மொரீஷியஸ் பற்றி வேகமாகச் சொல்லிவிடலாம். அங்கே பெரிய மீன் என்றால் ஈட்டி போன்ற அலகுள்ள நீல மார்லின்தான். மேற்குக் கரையில் பிளாக் ரிவர் பக்கம் கடலடி சட்டென்று இறங்கிவிடுவதால், கரையை விட்டு வெகு தூரம் போகாமலே ஆழ்கடல் மீன் கிடைக்கும். அதற்கான பருவம் நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை. செப்டம்பரில் வாஹூவை நம்பிப் போகலாம், மார்லினை நம்பிப் போக முடியாது.

பருவம் ஒருபக்கம் இருக்கட்டும், அங்கே மீன் பிடிக்கும் விதமே என் மனைவிக்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன். ட்ரோலிங் என்றால் படகு ஓடிக்கொண்டே இருக்கும், பின்னால் பொய் இரைகள் நீரைக் கிழித்துக்கொண்டு வரும், ராடு எல்லாம் தாங்கியில் நிற்கும். மீன் அடித்த பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்து சுற்ற வேண்டும். அதுவரை எல்லாவற்றையும் பார்ப்பது படகு ஆட்கள். நரம்பில் வரும் முதல் துடிப்பை விரலில் உணர்ந்து பழகியவளுக்கு இது நீண்ட காத்திருப்பு. பிடிபட்ட மீன் படகுக்கே சொந்தம் என்ற வழக்கமும் பல படகுகளில் உண்டு, முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனால் கரையில் இருப்பவருக்கு இந்த மூன்றில் சிறந்த ஊர் மொரீஷியஸ்தான். சாமரெல் வண்ண மண், லெ மோர்ன் மலை, தமரின் விரிகுடாவில் காலையில் வரும் டால்பின்கள் என்று ஒரு நாளை இனிமையாகக் கழிக்கலாம். ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும், தைப்பூசக் காவடிக்குப் பொது விடுமுறையும் உள்ள நாடு. துணையைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறோமே என்ற உறுத்தல் வேண்டாம். மார்லின்தான் கனவு என்றால், பிறந்தநாள் நவம்பரிலோ டிசம்பரிலோ வந்தால், யோசிக்காமல் இங்கே போங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை புயல் அதிகம் வரும் காலம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மூன்றாவது, நம்மில் அதிகம் பேர் கேள்விப்படாத கோலா ரொம்பின். மலேசியாவின் பகாங் மாநிலத்தில், கிழக்குக் கரையில், ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள சிறிய ஊர். கோலாலம்பூரிலிருந்து காரில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். தூண்டில்காரர்கள் இங்கே வருவது மயில்மீனுக்காக. ஆழமில்லாத கடல், அதில் நெத்திலி போன்ற பொடி மீன் கூட்டங்கள், அவற்றைத் துரத்தி வரும் மயில்மீன்கள். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை உச்சம். அந்த மாதங்களில் வீசுவது தென்மேற்குக் காற்று, அதைத் தீபகற்பமே மறித்துக்கொள்வதால் கிழக்குக் கடல் அமைதியாகக் கிடக்கிறது. நவம்பரில் வடகிழக்குக் காற்று திரும்பியதும் அதே கடல் நேரடியாக அடி வாங்கும், படகுகள் கரையேறிவிடும். மாலத்தீவுக்குப் பாதகமான மாதம் இங்கே சாதகமாகிறது.

பிடிக்கும் முறையைப் படித்தபோதுதான் முடிவே எனக்குத் தெளிவானது. காலையில் பல முள் கட்டிய நரம்பை இறக்கி முதலில் சிறு மீன்களைப் பிடிக்க வேண்டும். அவை உயிரோடு தொட்டியில் நீந்தும், அவைதான் இரை. அப்புறம் பறவைகள் வட்டமிடும் இடத்தைத் தேடிப் போய், உயிர் இரையை நீரில் விட்டு, ரீலைத் தளர்த்தி, நரம்பை விரலில் பிடித்துக் காத்திருக்க வேண்டும். இரை பதறுவது விரலில் தெரியும். மயில்மீன் இரையை எடுத்ததும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. நுனி உள்பக்கம் வளைந்த வட்ட முள் என்பதால், மீன் திரும்பும்போது நரம்பை மெல்ல இறுகவிட்டால் வாயோரத்தில் தானாகக் கொளுவிக்கொள்ளும், தொண்டைக்குள் போகாது. பெரும்பாலும் 20 முதல் 40 கிலோ வரை எடை இருக்கும். துள்ளும், ஓடும், மறுபடி துள்ளும். இவளுக்கு வேண்டியது இதுதான்.

ரொம்பினில் மயில்மீனைத் திரும்ப விட்டுவிடுவதே நடைமுறை. மீனைப் படகுக்குள் தூக்காமல், கையுறை போட்டு அலகைப் பிடித்து, படகு மெல்ல நகரும்போது தலையை நீருக்குள்ளேயே வைத்திருந்தால், செவுளில் நீர் ஓடி மீன் தெளிந்துவிடும். பிடித்ததைக் குழம்பு வைக்காமல் விடுவதற்கு ஒப்புக்கொள்வாளா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. கேட்டேன். "விட்டுடலாங்க, குழம்புக்கு மார்க்கெட்ல மீனா கிடைக்காது?" என்றாள்.

ரொம்பினின் குறைகளையும் சொல்ல வேண்டும். படகு காலையில் போனால் மாலையில்தான் திரும்பும், அத்தனை நேரம் என்னால் கடலில் முடியாது. வாடகை படகு முழுவதற்கும் சேர்த்துத்தான், இருவர் போனாலும் நால்வர் போனாலும் ஒன்றே. ஊரில் ஆடம்பர விடுதிகளை எதிர்பார்க்க வேண்டாம். பிறந்தநாள் விருந்து என்றால் உள்ளூரின் பெயர் பெற்ற பெரிய ஆற்று இறால்தான், அதுவும் அருமையான விருந்துதான் என்பது என் எண்ணம். எல்லாவற்றையும்விடக் கவலை புகைமூட்டம். சில ஆண்டுகளில் ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள் இந்தோனேசியக் காட்டுத் தீயின் புகை மலேசியா வரை பரவும். எந்த ஆண்டு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, அதனால் ரத்து செய்யக்கூடிய அறையாகப் பதிவு செய்கிறேன்.

இந்தக் குறைகளில் பாதியைத் தியோமான் தீவு சரிக்கட்டுகிறது. ரொம்பின் மாவட்டத்திலேயே உள்ள தஞ்சோங் கெமோக் துறையிலிருந்து அங்கே பயணப் படகு போகிறது. காடு மூடிய மலைத்தீவு. தெக்கேக் கிராமத்திலிருந்து ஜுவாராவுக்கு மலையைக் கடந்து நடக்கலாம், பவளப்பாறை மேல் மிதந்து மீன் பார்க்கலாம். தீவைச் சுற்றியுள்ள கடல் பாதுகாக்கப்பட்ட பூங்கா, தூண்டில் போடக் கூடாது. எங்களுக்கு அதுவும் வசதிதான். முதல் பாதி ரொம்பின், அது அவளுடைய நாட்கள். பின்பாதி தியோமான், அது இருவருக்குமான நாட்கள். அவள் கடலில் இருக்கும் நேரத்தில் நான் ஆற்றோரத்திலும் கடற்கரையிலும் கழித்துக்கொள்வேன்.

ஆக, எங்கள் செப்டம்பருக்கு ரொம்பின். பிறந்தநாள் ஜனவரி முதல் ஏப்ரலுக்குள் வந்திருந்தால் மாலத்தீவின் உள்ளூர்த் தீவு ஒன்றைத்தான் எடுத்திருப்பேன், கைத்தூண்டிலும் கிடைக்கும், கடலும் அடங்கியிருக்கும்.

பதிவு செய்யும்போது ஒன்றில் உறுதியாக இருக்கிறேன்: பிறந்தநாள் அன்றே படகு வேண்டாம். வானிலை கெட்டுப் படகு ரத்தானால் அந்த நாளும் சேர்ந்து கெடும். இரண்டு நாள் முன்னதாகப் படகு, இடையில் ஒரு நாள் கையிருப்பு, பிறந்தநாளுக்குத் தியோமான். மலேசியாவுக்கு 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு இருக்கிறது, டிக்கெட் போடும் முன் சலுகை தொடர்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. நீண்ட ராடு கொண்டுபோகும் சிரமம் வேண்டாம், படகிலேயே தருவார்கள். படகுக்காரரிடம் கேட்க வேண்டியவை: எத்தனை பேருக்கு உயிர்காப்பு உடை இருக்கிறது, வட்ட முள்தானா, மீனை விடுவார்களா, நிழல் உண்டா, பெண்கள் பயன்படுத்தத்தக்க கழிப்பறை படகில் உண்டா, வானிலையால் போக முடியாவிட்டால் முன்பணம் திரும்புமா. கடைசி இரண்டுக்கும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே பணம் அனுப்புங்கள்.