புல்லட் ஜர்னல்: உற்சாகம் அடங்கிய பிறகும் எழுதிக்கொண்டிருப்பவளின் அனுபவம்

புல்லட் ஜர்னல் என்பது வேலைகளையும் குறிப்புகளையும் சில சின்னக் குறிகள் போட்டு ஒரே நோட்டில் கையால் எழுதிவைக்கும் முறை. அதைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் பதிவுகளில் பாதிக்கு மேல் முதல் மாத உற்சாகத்தில் எழுதப்பட்டவை. வண்ணப் பேனா, பூ வேலைப்பாடு, அச்சடித்தது போன்ற கையெழுத்து. ஒரு வருடம் கழித்து அந்த நோட்டு எந்த மூலையில் கிடக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. நான் 2019 கடைசியில் ஆரம்பித்து இன்றுவரை விடாமல் எழுதுகிறேன். எது நிலைத்தது, எது உதிர்ந்தது என்று இப்போது சொல்ல முடியும்.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. எங்களுக்கு மாதம் என்பது வரி கட்டவும் கணக்குத் தாக்கல் செய்யவுமான கெடு தேதிகளின் வரிசை. 7ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும், 11 ஜிஎஸ்டிஆர்-1, 15 பிஎஃப்பும் ஈஎஸ்ஐயும், 20 வந்தால் ஜிஎஸ்டிஆர்-3பி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் சின்னப் பார்ட்டிகளுக்கு, அதாவது வாடிக்கையாளர்களுக்கு, தேதி வேறு. இதற்கு மேல் ஜூலையில் வருமான வரி ரிட்டர்ன், செப்டம்பரில் ஆடிட். பார்ட்டிகளோ பில்களைக் கெடு நாளன்று மத்தியானம் வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்புவார்கள், அதிலும் பாதி தலைகீழாக இருக்கும். வீட்டில் மகனுடைய பள்ளிக் குழு, அத்தையின் மாத்திரைகள், கேஸ், கரண்ட் பில். தலைக்குள் எந்நேரமும் ஒரு இரைச்சல். எதைச் செய்துகொண்டிருந்தாலும் வேறொன்றை விட்டுவிட்டோமோ என்ற பதற்றம்.

வேலைப் பட்டியல் போடும் செயலிகளை முயன்று பார்த்தேன். அவற்றில் குறை என்று பெரிதாக ஒன்றுமில்லை. சேர்ப்பது மிகச் சுலபம், அதுதான் தொந்தரவு. விரலால் தட்டினால் ஒரு வேலை சேர்ந்துவிடும். முடியாதது தானாகவே நாளைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். சில மாதத்தில் பட்டியல் சிவப்பு எழுத்தில் கீழே போய்க்கொண்டே இருக்கும். அப்புறம் அதைத் திறக்கவே மனம் வராது.

புல்லட் ஜர்னலை உருவாக்கியவர் ரைடர் கேரல் என்ற அமெரிக்க டிஜிட்டல் வடிவமைப்பாளர். சிறு வயதில் அவருக்குக் கவனக் குறைபாடு இருப்பது கண்டறியப்பட்டது. தன் தலைக்குள் ஓடுவதைத் தாளில் பிடித்துவைக்கத் தனக்காகச் செய்துகொண்ட ஏற்பாடுகளை மெருகேற்றி, 2013இல் எல்லோருக்கும் பொதுவாக வெளியிட்டார். செய்முறை ரொம்பச் சின்னது. செய்ய வேண்டிய வேலைக்கு முன்னால் ஒரு புள்ளி. நடக்கப்போகும் அல்லது நடந்த நிகழ்வுக்கு ஒரு சிறு வட்டம். வெறும் குறிப்பு என்றால் ஒரு சிறு கோடு. வேலை முடிந்தால் புள்ளியின் மேல் பெருக்கல் குறி. அடுத்த மாதத்துக்குப் போனால் வலப்பக்கம் பார்த்த அம்பு, இன்னும் தள்ளிப்போகும் மாதத்துக்கு என்றால் இடப்பக்கம் பார்த்த அம்பு. தேவையே இல்லை என்றால் முழு வரியையும் அடித்துவிடலாம். நோட்டின் முதல் பக்கங்களில் பொருளடக்கம், அடுத்து வரும் மாதங்களுக்கான பக்கம், பிறகு மாதப் பக்கம், அன்றன்றைய பக்கம். அவ்வளவுதான் சரக்கு.

என் நோட்டில் ஒரு ஜூலை நாள் இப்படி இருக்கிறது:

• மில் பார்ட்டி – ஜூன் பர்ச்சேஸ் பில் கேட்க
• கேஸ் புக் பண்ண
○ 4 மணி, ஸ்கூல் மீட்டிங்
– அத்தைக்குச் சுகர் மாத்திரை 5 நாளைக்குத்தான் இருக்கு
– பஸ் ஸ்டாப் கம்பியில் அந்த நீலப் பறவை, இன்னைக்கும்

கடைசி வரிக்கு அப்புறம் வருகிறேன்.

இந்த முறையின் உயிர் எழுதுவதில் இல்லை, மாதக் கடைசியில் திருப்பி எழுதுவதில்தான் இருக்கிறது. மாதம் முடிந்ததும் பழைய பக்கங்களைப் புரட்டி, முடியாமல் நிற்கும் ஒவ்வொரு புள்ளியையும் கைப்படப் புதுப் பக்கத்துக்கு எடுத்தெழுத வேண்டும். செயலி செலவில்லாமல் செய்யும் வேலையை இங்கே கை வலிக்கச் செய்கிறோம். அந்த வலியே ஒரு வடிகட்டி. ‘அலமாரி மேல் தட்டு ஒழிக்க’ என்பதை இரண்டு மாதம் எடுத்தெழுதினேன், மூன்றாவது மாதம் எழுதச் சோம்பலாக இருந்தது, அடித்துவிட்டேன். மேல் தட்டு இன்னும் அப்படியேதான் இருக்கிறது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ‘ஆன்லைன் சான்றிதழ் கோர்ஸ்’ என்ற வரி இதைவிட நீண்ட காலம் மாதத்துக்கு மாதம் நகர்ந்துகொண்டிருந்தது. ஒருநாள் எடுத்தெழுதும்போதுதான், இது என் ஆசையில்லை, பக்கத்து மேஜைக்காரர் சேர்ந்ததால் வந்த பயம் என்று பிடிபட்டது. என் சோம்பலை இவ்வளவு உருப்படியாகப் பயன்படுத்திக்கொண்ட வேறு ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

இரவு எழுதுவதில் இன்னொரு லாபம் தூக்கம். அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2018இல் வெளியானது. படுக்கப்போகும் முன் 5 நிமிடம், பாதிப் பேர் அடுத்து வரும் நாட்களில் செய்ய வேண்டியதை எழுதினார்கள், மீதிப் பேர் செய்து முடித்ததை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் சீக்கிரம் தூங்கிப்போனார்கள். சின்ன ஆய்வுதான், அதை வைத்து ஊருக்கே மருந்து எழுத முடியாது. என் அனுபவத்தில் விரிவாக எழுதும் நாள்தான் வேலை செய்கிறது. ‘நோட்டீஸ்’ என்று ஒற்றைச் சொல் எழுதிவிட்டுப் படுத்தால் அது கூடவே வந்து படுத்துக்கொள்ளும். ‘காலை 10 மணிக்கு பார்ட்டிக்கு போன், 2ஏ-வையும் புக்ஸையும் டேலி பண்ணி, மாலைக்குள் பதில் டிராஃப்ட்’ என்று எழுதினால் விட்டுவிடும் (2ஏ என்பது பார்ட்டி வாங்கிய பில்களின் ஜிஎஸ்டி பட்டியல்). ‘ஏங்கண்ணு, பரீட்சைக்காப் படிக்கிற? மூடி வெச்சுட்டுப் படு’ என்று அத்தை சொல்வதுவரைக்கும் எழுதுவேன்.

நோட்டு வேலையைக் குறைக்காது. இதைச் சொல்லாமல் விடுவது ஏமாற்று. ஜூலையும் செப்டம்பரும் எனக்கு இன்னும் நெருப்புதான். ஆனால் வேலை யார் தலையில் எவ்வளவு விழுகிறது என்பதை அது எழுத்தில் காட்டிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த மாதத்து வீட்டு வேலைகளை மட்டும் தனியாக எடுத்து ஒரு பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். கேஸ், தண்ணீர் கேன், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில், வேன் பணம், பள்ளி புராஜெக்டுக்கு சார்ட் பேப்பர், கல்யாண மொய்க் கணக்கு, அத்தையின் டெஸ்ட் ரிப்போர்ட். பக்கம் நிறைந்து மறுபக்கமும் போனது. சண்டை எதுவும் போடவில்லை, நோட்டை என் வீட்டுக்காரர் முன்னால் வைத்தேன். ‘இவ்வளவா?’ என்றார். பணம் கட்டுவது, தண்ணீர், வேன், அத்தையின் லேப் எல்லாம் அன்றே அவர் பக்கம் போய்விட்டன. வாயால் பலமுறை சொன்னபோது புலம்பலாகக் கேட்டது, எழுதி வைத்தபோது கணக்காகத் தெரிந்தது. தலைக்குள் இரைச்சல் குறைந்ததில் பெரும் பங்கு அந்த ஒரு பக்கத்துக்குத்தான், குறிகளுக்கு இல்லை.

சரி, அந்த நீலப் பறவைக்கு வருகிறேன். ‘உனக்குப் பிடித்ததைக் கண்டுபிடி’ என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். முப்பத்தைந்து வயதுக்கு மேல், வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில், அதை எங்கே போய்த் தேடுவது? தையல் வகுப்பு, கேக் செய்வது எல்லாம் புள்ளிகளாகவே என் நோட்டில் வந்து, புள்ளிகளாகவே அடிபட்டுப் போயின. செய்ய வேண்டும் என்று பட்டியல் போட்டவை எதுவும் ஒட்டவில்லை. கோடுகளில்தான் விஷயம் இருந்தது. கோடு போட்ட வரிகள் யாரும் கேட்டு எழுதியவை அல்ல, சும்மா கண்ணில் பட்டு எழுதியவை. ஒரு வருடக் கடைசியில் நோட்டை முழுக்கப் புரட்டியபோது, மாத்திரை, விலைவாசி, மகன் சொன்ன வேடிக்கை ஆகியவற்றுக்கு நடுவே பறவைகள் திரும்பத் திரும்ப வந்தன. அந்த நீலப் பறவை வெண்மார்பு மீன்கொத்தி. குளம் குட்டை பக்கத்தில் இல்லாவிட்டாலும் கம்பியில் உட்கார்ந்து ஓணானையும் பூச்சியையும் பிடித்துத் தின்று பிழைக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இன்னொன்று இதைவிடச் சுவாரசியம். ஒரு செப்டம்பரில், ஆடிட் நெருக்கடிக்கு நடுவே, ‘கம்பியில் வரிசையாகக் குருவி மாதிரி, வால் பிளந்து’ என்று ஒரு வரி. பழைய நோட்டை எடுத்துப் பார்த்தால் முந்தின செப்டம்பரிலும் கிட்டத்தட்ட அதே வரி, அதே பஸ் ஸ்டாப். அவை தகைவிலான்கள். வடக்கே குளிர் தொடங்கும்போது இங்கே வந்து, வெயில் ஏறும்போது திரும்பிப் போகும் பறவைகள். இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான், எந்தப் பறவைப் புத்தகத்திலும் இருக்கும். ஆனால் நானாகவே என் கையெழுத்தில் இருந்து அதைக் கண்டுபிடித்தபோது அலுவலகத்தில் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண், ‘என்னங்க்கா, சைட் ஓப்பன் ஆயிருச்சா?’ என்றாள். கெடு நாளில் திணறி நிற்கும் வரித் தாக்கல் தளம் திறந்தால்தான் நாங்கள் அப்படி மகிழ்வோம்.

அதன் பிறகு ஞாயிறு காலைகளில் சிங்காநல்லூர் குளத்துக்குப் போகத் தொடங்கினேன். கோயம்புத்தூரின் குளங்கள் நொய்யல் ஆற்றுத் தண்ணீரை வாங்கித் தேக்க வெட்டப்பட்டவை. இன்று நகரத்துச் சாக்கடையும் ஆகாயத்தாமரையும் சேர்ந்தேதான் அவற்றில் கிடக்கின்றன, நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் நாமக்கோழி, முக்குளிப்பான், நீலத்தாழைக்கோழி எல்லாம் கரையில் நின்றே பார்க்கலாம். சில நாட்களில் கூழைக்கடா கண்ணில் படும். பார்த்ததைப் பிறகு ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றுகிறேன். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002 முதல் நடத்தும் தளம் அது. ஆரம்பித்த நேரம், நடந்த தூரம், எந்தப் பறவை எத்தனை என்று கேட்கும். கணக்குப் பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் நடத்தும் பறவைக் கணக்கெடுப்பில் நானும் மகனும் கலந்துகொள்கிறோம். அவனுக்கு எண்ணுவது பிடிக்கும், பெயர்கள் இன்னும் குழப்பம்.

புல்லட் ஜர்னல்தான் எனக்கு இதைக் கொடுத்தது என்று சொல்ல மாட்டேன். வேலைக்கு மட்டும் என்று வைத்திருந்த இடத்தில் வேலைக்கு ஆகாத வரிக்கும் அது ஒரு குறி வைத்திருந்தது. செயலிகளில் ‘நீலப் பறவை பார்த்தேன்’ என்று எழுதினால் அதையும் முடித்தாகிவிட்டதா என்று கேட்கும்.

இனி குறைகள். நோட்டு மணி அடிக்காது. கெடு தேதிகளுக்கு இன்னும் போன் அலாரம்தான், அதை மாற்றுவதாக இல்லை. தேட முடியாது. பொருளடக்கம் எழுதினால் தேடலாம் என்கிறார்கள், முதல் இரண்டு மாதத்துக்குப் பிறகு நான் எழுதுவதே இல்லை, எனக்குத் தெரிந்து யாரும் எழுதுவதில்லை. வீட்டில் இன்னொருவரோடு பகிர முடியாது, அதனால் ஃபிரிட்ஜ் மேல் காந்தப் பலகை ஒன்று தனியாகத் தொங்குகிறது. தொலைந்தால் தொலைந்ததுதான், மாதக் கடைசியில் முக்கியமான பக்கங்களைப் போட்டோ எடுத்துவைத்துக்கொள்வது நல்லது. பார்ட்டிகளின் பாஸ்வேர்டு, ஆதார் எண் எதையும் இதில் எழுதவே கூடாது.

அலங்காரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாஷி டேப் என்ற வண்ண ஒட்டு நாடா, பிரஷ் பேனா, மனநிலையை நிறத்தால் நிரப்பும் கட்டங்கள். பிடித்திருந்தால் செய்யுங்கள், அது ஒரு கைவேலை. ஆனால் திணறிக்கொண்டிருக்கும் ஒருவர் அதிலிருந்து தொடங்கினால், திணறலில் இன்னொரு வேலையும் சேரும். அழகான நோட்டு என்றால் அடித்தல் திருத்தல் செய்யக் கை கூசும். இந்த முறையே அடிப்பதில்தான் ஓடுகிறது.

புள்ளி அச்சடித்த ஜெர்மன் நோட்டெல்லாம் ஆயிரத்துக்கு மேல் சொல்கிறார்கள். நான் ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் கெட்டி அட்டை போட்ட சாதாரணக் கோடு போட்ட நோட்டையே வாங்குகிறேன், கைப்பையில் அடங்கும் அளவு. ஜெல் பேனா மலிவுத் தாளில் மறுபக்கம் ஊறும், பால்பாயிண்ட் போதும். புதிதாகத் தொடங்குபவர் வரும் மாதங்களுக்கான பக்கம், அன்றாடப் பழக்கங்களைக் குறிக்கும் கட்டம் எதையும் போடாமல், அன்றைய தேதியை எழுதி அதன் கீழே புள்ளி, வட்டம், கோடு மட்டும் போட்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். மாதக் கடைசியில் திருப்பி எழுத உட்காரும் அந்த அரை மணி நேரத்தைக் கொடுக்க முடியாது என்று பட்டால் செயலியிலேயே இருந்துவிடலாம், எழுதி எழுதிக் கை வலிப்பதில் அர்த்தமில்லை.