ஒன்பது நாள் தேடலும் ஒரு பிரேத அறையும்: 5க்கு 2

பெரியப்பாவுக்கு 74 வயது, மறதி. மட்டக்களப்பு மாவட்டத்து ஆரையம்பதியில் பின்னேரத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் படலையைத் திறந்து போனவர் திரும்பவில்லை. அவரைத் தேடிய ஒன்பது நாளில் எங்களுக்குக் கிடைத்த சேவைக்குத்தான் இந்தப் புள்ளி. இடங்களின் பெயரை எழுதவில்லை. நாளைக்கும் அங்கேதான் போகவேணும்.

பொலிஸுக்கு 1. முதலில் 24 மணித்தியாலம் பொறுக்கச் சொன்னார்கள். எந்தச் சட்டத்தில் என்று கேட்டேன், பதில் இல்லை. பிறகு உயரம், நிறம், சாரன் எல்லாம் எழுதி, ஃபோட்டோவை வாங்கி ஃபைலுக்குள் வைத்தார்கள். அது அங்கேயே கிடந்தது. பெரியப்பா இரண்டாம் நாளே அம்பாறை மாவட்டத்தில் ஒரு வீதியோரம் விழுந்து இறந்திருக்கிறார். அது வேறு பொலிஸ் பிரிவு. அவர்களின் புத்தகத்தில் ‘இனந்தெரியாத ஆண், சுமார் 70’. எங்கள் பிரிவின் புத்தகத்தில் ‘காணாமல் போன ஆண், 74’. இரண்டு புத்தகத்துக்கும் நடுவே பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்.

கைரேகை எடுத்தார்களாம். குற்றப் பதிவோடு ஒப்பிட்டு என்ன பலன்? மனிசன் கோர்ட் வாசல் மிதிக்காதவர்.

காணாமற்போனோர் அலுவலகத்துக்குப் போங்க என்று ஒருவர் சொல்ல, மாமி சிரித்தா. 1990இல் கொண்டுபோன தம்பிக்காக அங்கே கோப்பு வைத்திருக்கிறவ அவ. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த அந்த அலுவலகம் யுத்தத்திலும் கலவரத்திலும் தொலைந்தவர்களுக்கு, வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு. வழி மறந்த கிழவருக்கு இல்லை.

கடைசியில் கண்டுபிடித்தது மச்சான், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக மோட்டார் சைக்கிளில் திரிந்து. முகம் அடையாளம் தெரியவில்லை. டீஎன்ஏ பார்க்கலாமா என்று கேட்டான். சுனாமியில் தப்பி, கல்முனை ஆஸ்பத்திரியில் ‘81ஆம் இலக்கக் குழந்தை’ என்று அழைக்கப்பட்ட கைக்குழந்தையை 2005 பெப்ரவரியில் தாய் தகப்பனிடம் சேர்த்தது அந்தப் பரிசோதனைதான். ஆனால் அதற்கும் உரிமை கேட்டு ஓர் உறவு வந்து நிற்க வேணும், மாதிரி கொடுக்க வேணும். யாருமே வராத உடலுக்கு எதோடு ஒப்பிடுவது?

எங்களுக்கு அது தேவைப்படவில்லை. பிரேத அறை ஊழியருக்கு நான் 5 கொடுப்பேன். உடுப்பைத் தனிப் பையில் கட்டி, ஒரு கொப்பியில் தன் கையாலே எல்லாம் குறித்து வைத்திருந்தார். “முகத்தப் பாக்காத மனே, முதல்ல சாரனப் பாரு” என்றார். விளிம்பில் நீல நூல் தையல். வெள்ளை நூல் முடிந்த அன்று பெரியம்மா தைத்தது.

பிறகு கடதாசி அலைச்சல். உறவினர் இரண்டு பேர் அடையாளம் காட்ட வேணும், அடையாள அட்டை வேணும், கிராம சேவகரின் கடிதம் வேணும். அவர் அன்று கூட்டத்துக்குப் போயிருந்தார். திடீர் மரண விசாரணை அதிகாரி கையெழுத்துப் போடும்போது பொழுது பட்டுவிட்டது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு மறுநாள் எங்கள் பொலிஸிலிருந்து அழைப்பு வந்தது. பெரியவர் வீட்டுக்கு வந்துட்டாரா என்று கேட்டார்கள்.

தேடிப் போகிறவர்கள் ஃபோட்டோவை மட்டும் கொண்டுபோகாதீர்கள். என்ன உடுத்திருந்தார், எங்கே தழும்பு, எந்தப் பல் இல்லை என்று எழுதி, பக்கத்து மாவட்டத்துப் பொலிஸுக்கும் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.