மேனுவல் டெஸ்டிங்குக்கு கிவி டிசிஎம்எஸ்: ஒரு நாகர்கோவில் டீமின் அனுபவம்

நாகர்கோவிலில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் லீடாக இருக்கிறேன். எங்களிடம் ஆட்டோமேஷன் குறைவு, பெரும்பாலும் கையால்தான் சோதிக்கிறோம். குலசேகரம் பக்கத்து ரப்பர் வியாபாரி ஒருவருக்கான கொள்முதல் ஆப், ஒரு மருத்துவமனையின் பில்லிங், ஒரு பள்ளியின் கட்டண ஆப் எல்லாம் ஒரே சமயத்தில் ஓடும். சோதிப்பது அதே ஆட்கள்தான். காலையில் ரப்பர், மத்தியானம் மருத்துவமனை. இப்படிப்பட்ட டீமுக்கு எந்த டூல் சரிவரும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நாங்கள் எடுத்தது கிவி டிசிஎம்எஸ், அதாவது டெஸ்ட் கேஸ்களையும் அவற்றின் ரிசல்ட்டுகளையும் நிர்வகிக்கும் ஒரு டூல்.

ஒரு புராஜெக்ட், ஒரு ரிலீஸ் என்றால் எக்செல்லே போதும். புராஜெக்ட் கூடும்போதுதான் சிக்கல். டெஸ்ட் கேஸும் (எதை, எப்படிச் சோதிப்பது என்ற குறிப்பு) அதன் ரிசல்ட்டும் ஒரே வரியில் இருப்பதால், அடுத்த பில்டு (சோதிக்கத் தரும் ஆப்பின் புதிய தொகுப்பு) வந்ததும் பழைய ரிசல்ட்டின் மேலேயே புதியதை எழுதிவிடுகிறோம்.

ரப்பர் ஆப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். விவசாயி கொண்டுவரும் ரப்பர் பாலின் எடையை டிஆர்சி சதவீதத்தால் (பாலில் உலர் ரப்பர் எவ்வளவு என்ற அளவு) பெருக்கினால் உலர் ரப்பரின் எடை வரும். 20 கிலோ பால், டிஆர்சி 35 என்றால் 7 கிலோ. இதில் எந்த ஆப்பும் தவறாது. 18.4 கிலோ, டிஆர்சி 33.5 என்று கொடுத்தால் 6.164 கிலோ வரும். அதை ஆப் 6.16 என்று எடுக்கிறதா, 6.2 என்று எடுக்கிறதா என்பதில்தான் ஒருவருடைய காசு இருக்கிறது. இந்த ரவுண்டிங் நடுவில் ஒரு பில்டில் மாறியது. "அக்கா, இது போன தடவை பாஸ்தானே?" என்று பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள். எக்செல்லில் பாஸ் என்றுதான் இருந்தது. எந்த பில்டில், யார் பார்த்தது, ரவுண்டிங் மாறுவதற்கு முன்னா பின்னா என்பதற்கெல்லாம் அந்தக் கட்டத்தில் இடமே கிடையாது.

அதனால் டூல் தேடும்போது நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்: கேஸையும் அதை ஓட்டியதையும் தனித்தனியாக வைக்கிறதா?

டீமின் வேலைகளையும் பிழைகளையும் பதிவு செய்யும் ஜிரா என்ற டூலுக்குள் உட்காரும் எக்ஸ்ரே, செஃபிர் இரண்டும் அதைச் செய்கின்றன. டீமின் வேலை முழுக்க ஜிராவில் நடந்தால் அவற்றில் ஒன்றை எடுக்கலாம். ஆனால் லைசென்ஸ் கணக்கைப் பார்த்துவிட்டு எடுங்கள். சோதிப்பவர் நாலு பேரே ஆனாலும், அந்த ஜிராவில் இருக்கும் எல்லோருக்கும் சேர்த்துத்தான் ஆட்-ஆன் லைசென்ஸ். டெஸ்ட்ரெயில் தனியாக ஓடும், ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம். டெஸ்ட்லிங்க் இலவசம், பிஎச்பியில் எழுதியது. சூட், பிளான், பில்டு, பிளாட்ஃபார்ம் என்று அதன் அமைப்பு உறுதியானது. திரை மட்டும் பழைய காலத்தது, புதிதாக வருபவர்களுக்குப் பழக நேரமாகும்.

கிவி, ரெட் ஹேட் கம்பெனியில் உருவான நைட்ரேட் என்ற டெஸ்டிங் டூலின் வழியில் வந்தது. பைத்தான் மொழியில், அதன் வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவில் எழுதியது, ஓப்பன் சோர்ஸ். டாக்கர் (சாஃப்ட்வேரைப் பொட்டலமாக ஏற்றி ஓட்டும் முறை) தெரிந்த ஒருவர் இருந்தால் ஆபீஸிலிருக்கும் ஒரு லினக்ஸ் மெஷினிலேயே ஏற்றிவிடலாம். எனக்கு இது பெரிய விஷயம். மருத்துவமனை பில்லிங்கில் ஃபெயிலுக்கு ஸ்கிரீன்ஷாட் போட்டால் அதில் நோயாளியின் பெயர் வந்துவிடும் அபாயம் உண்டு. அது எங்கள் சுவருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

இதில் புராடக்ட், அதற்குக் கீழே வெர்ஷன், அதற்குக் கீழே பில்டு. ஒரே கேஸை எத்தனை பிளானில் (சோதிக்க வேண்டிய கேஸ்களின் தொகுப்பு) வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஒரு பில்டுக்கு ஒரு ரன் (ஒரு சுற்றுச் சோதனை) திறந்து, கேஸ்களை ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறோம். பாஸ், ஃபெயில் மட்டுமல்ல, பிளாக்ட் (சோதிக்க முடியாமல் தடைபட்டது), வெய்வ்ட் (தெரிந்தே விலக்கியது) என்றும் போடலாம். சர்வர் படுத்துவிட்டதால் பார்க்க முடியாமல் போனதை ஃபெயில் என்று எழுதுவது டெவலப்பருக்கும் அநியாயம், டெஸ்டருக்கும் அநியாயம். கேஸின் ஸ்டெப்புகளைத் தமிழில் எழுதினாலும் தொந்தரவில்லை.

நான் அதிகம் திறப்பது ஸ்டேட்டஸ் மேட்ரிக்ஸ். வரிசையாகக் கேஸ்கள், நெடுக ரன்கள், கட்டத்துக்குக் கட்டம் நிறம். அந்த ரவுண்டிங் கேஸின் வரியைப் பார்த்தால் பச்சை, பச்சை, சிவப்பு, மறுபடி பச்சை. சிவப்பைத் திறந்தால் யார் ஓட்டினார், என்ன குறிப்பு எழுதினார், எந்த பக் (பிழை) அதோடு இணைந்தது என்று எல்லாம் இருக்கிறது. கையால் சோதிப்பவரின் உழைப்பு பொதுவாக யார் கண்ணிலும் படுவதில்லை. இந்த ஒரு திரையை மேனேஜரிடம் காட்டினால் போதும், டெஸ்டிங்குக்கு ஏன் நேரம் கேட்கிறோம் என்று அவருக்கே புரியும்.

கன்ஃபர்ம்ட் ஆகாத கேஸ் ரன்னுக்குள் வராது. புதிதாக வருபவர்கள் முதலில் இதில்தான் முழிப்பார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. அவர்கள் எழுதுவார்கள், நான் படித்துப் பார்த்து கன்ஃபர்ம் செய்வேன்.

குறைகளும் உண்டு. எங்கள் எக்செல் கேஸ்களை ஏற்ற ஏபிஐ (வேறு புரோகிராம் பேசுவதற்கான வழி) வழியாக ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுத வேண்டியிருந்தது. அது எழுதத் தெரியாத டீம் என்றால் திணறும். தொடக்கத்தில் வரும் சர்டிஃபிகேட்டுக்கு பிரவுசர் எச்சரிக்கை காட்டும், அதை மாற்றிக்கொள்ள வேண்டும். அப்புறம் அப்டேட்டும் பேக்கப்பும் நம் பொறுப்பு. டேட்டாபேஸோடு, அப்லோட் செய்த ஃபைல்களையும் சேர்த்து எடுக்க வேண்டும். இதைக் கவனிக்க ஆளே இல்லை என்றால் காசு கொடுத்து வேறு எடுப்பதே நல்லது.

எதை எடுத்தாலும் டெமோ டேட்டாவை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் கேஸ் ஒன்றை ஓட்டிப் பாருங்கள், பிறகு அதன் ஸ்டெப்பைத் திருத்திவிட்டு இன்னொரு பில்டில் ஓட்டுங்கள். இப்போது முதல் ரிசல்ட்டைத் திறந்தால், அன்றைக்கு இருந்த ஸ்டெப் தெரிய வேண்டும். அதைக் காட்டாத டூலை நாங்கள் அத்தோடு மூடி வைத்துவிட்டோம்.